இடது, வலது, வேறெங்கோ

ஒரு நொடிக்கு முப்பது படம்.
ஒவ்வொன்றாய் நிறுத்தி
கருமணி எந்தப் பக்கம் சாய்கிறதென்று
ஓர் எழுத்தில் சொல்லவேண்டும் நான்:
இ. வ. வே.
இடது, வலது, வேறெங்கோ.
இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
பாலர் பாடசாலையின் பின்னறை.
மேசையில் இரண்டு கிண்ணம்.
ஒன்றில் சிவப்பு பஸ், மற்றதில் பச்சைக் கிளி.
பிஸ்கட் டின்னின் துளைக்குள் கமரா.
"வடிவாப் பாத்திட்டு ஒண்டை எடுங்கோ."
தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம்.

மூன்று வயதுக்காரருக்கு
கண் கடைசியாக எங்கே இறங்கியதோ
கையும் அங்கேதான்,
மதிலில் காகம் வந்து குந்துவதுபோல.
ஐந்து வயதில் எங்கிருந்தோ
ஒரு தயக்கம் வந்துவிடுகிறது.
கிளிக்குப் போகும், பஸ்ஸுக்கு வரும்,
திரும்பவும் கிளிக்கு.
எடுத்த பிறகும்
எடுக்காததன்மேல் ஒரு பார்வை மிச்சம் இருக்கும்.
அதற்கு எங்களிடம் எழுத்து இல்லை.

பத்துப் பன்னிரண்டுக்குக் கரையோரக் கோச்சி.
கிண்ணங்கள் நடுங்கும்.
எல்லாப் பிள்ளைகளும் வே.
அந்த நாற்பது நொடியை வெட்டச் சொன்னார் பேராசிரியர்.
வெட்டினேன்.
ஆனாலும் சொல்கிறேன்,
விருப்பம் என்ற ஒன்றை நான் முகத்தில் கண்டது
அந்த நாற்பதில்தான்.

மிஸ்னா கிளியைப் பதினொரு நொடி பார்த்தாள்.
பஸ்ஸை எடுத்தாள்.
ஏன் என்று கேட்பது விதிக்குப் புறம்பு. கேட்டேன்.
"கிளியப் பாத்து முடிஞ்சிது."

பிறகு ஆருஜன்.
மூன்று வயதும் பத்து மாதமும்,
முழங்காலில் நீலப் பிளாஸ்டர்.
எட்டுத்தரம் வைத்தோம், எட்டுத்தரமும் பஸ்.
பக்கம் மாற்றினோம், அப்போதும் பஸ்.
ஆனால் அட்டவணையில்
இ இல்லை, வ இல்லை,
தொடக்கம் முதல் கடைசிவரை வே.
பாராமல் எடுக்கிறானே, எப்படி?

இரவு, தெஹிவளையில் என் அறையில்,
அவன் முகத்தைப் பெருப்பித்தேன்.
இன்னும். இன்னும்.
கருமணிக்குள் கடுகளவில் ஒரு பெண்.
மடியில் கோப்பு, காதோரம் பேனை.
அவள் தலை சற்றே சரிந்திருந்தது,
பஸ் இருந்த பக்கமாக.
எட்டிலும் அப்படியே.

சிவப்பு பஸ் எனக்குப் பிடிக்குமென்று
எனக்கே தெரியாது.
என் கண்ணுக்கு
அட்டவணையில் நிரலும் இல்லை.

சனிக்கிழமை காலி வீதியில் புடவைக்கடை.
அக்காவின் மகளுக்குச் சாமத்தியவீடு.
மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன்
நான் சொன்ன எதையும் கேட்கவில்லை.
அடுக்கில் என் கண் எங்கே இடறியதோ
அங்கே அவன் கை முன்னமே போய் நின்றது.
"அது வேண்டாம், விலை கூட," என்றேன்.
விரித்தான்.
விரித்த பிறகு அது வேண்டாததாக இருக்கவில்லை.
அவனிடம் கமரா இல்லை,
நொடிக்கு முப்பது இல்லை,
மாதக் கடைசியில் கொஞ்சம் கமிஷன் இருக்கலாம்.
பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோதுதான்
நினைத்தேன், மாம்பழ மஞ்சள்
நான் கேட்ட நிறமே அல்லவே.

திங்கட்கிழமை மறுபடி ஆருஜன்.
இந்தமுறை நான் உஷார்.
கிண்ணங்களை வைத்துவிட்டு
நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்,
ஓடு வெடித்த ஓர் இடத்தை.

அவன் என்னைப் பார்த்தான்.
காத்திருந்தான்.
நிலத்தைப் பார்த்தான்.
கதிரையிலிருந்து சறுக்கி இறங்கி
மேசைக்குக் கீழே போய்விட்டான்.

நாலு நிமிடம்.
வெறுங் கதிரை, தொடாத கிண்ணம் இரண்டு,
அவற்றின்மேல் மின்விசிறியின் நிழல் வந்து வந்து போகிறது.
ஏழாயிரத்து இருநூறு படத்துக்கும்
வே போட்டுக்கொண்டிருக்கிறேன்.
ஒலியை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.
இருந்தும் கேட்கிறது,
கீழேயிருந்து, கொஞ்சம் கோபத்தோடு:

"மிஸ், இஞ்ச ஒண்டும் இல்லை.
நீங்கள் என்னத்தைப் பாத்தனீங்கள்?"